காப்பகத்துக்குள் ஓர் அப்பா

தையல் ஆலையில் துணி வெட்டுகிறவனுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். ஆள் சுத்த வாய் செத்தவன். சம்பளம் குறைந்து வந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு போகிற ரகம். அப்படிப்பட்டவன் மேலாளர் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினான் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

அவன் மனைவி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்து, பிள்ளை உண்டானதும் பாதியில் விட்டவள். மிச்சம் ஒரு வருடம். இந்தத் திங்கட்கிழமை வகுப்புக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கோ இன்னும் ஒரு வயது ஆகவில்லை. வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. அவன் அம்மா படுத்த படுக்கை. அவள் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஆனால் ஆலைக்குள்ளேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதில் இடமும் இருந்தது.

"அது லேடீஸ் ஸ்டாஃபோட பிள்ளைங்களுக்குப்பா" என்றார் மேலாளர் அம்மா.

"என் பிள்ளையும் ஒரு பொம்பளை பெத்த பிள்ளைதான் மேடம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பொம்பளை இங்க வேலை செய்யணும்ல? தாய்மாருங்க பால் குடுக்கிற இடம் அது. நீ எப்படி உள்ள போவ?"

கத்தரி தலையைச் சொறிந்தான். பெண்களுக்காகப் போட்ட விதி ஒரு பெண்ணின் படிப்புக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. விதி போட்டவர்களையும் என்ன சொல்வது? இடுப்பில் பிள்ளையோடு ஓர் ஆம்பளை வந்து நிற்பான் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

வெளியே வந்தபோது அவன் மனதில் ஓர் ஓரத்தில் 'அப்பாடா' என்று இருந்தது. கேட்டுப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை, இனி எல்லாம் பழையபடி நடக்கும். சூடான சாப்பாடு, துவைத்த சட்டை, பிள்ளையோடு வாசலில் நிற்கும் மனைவி. நினைத்த மறு நிமிடமே அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அவள் கரண்ட் பார்க்கும் பழைய டெஸ்டரை எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்க, "நாளைக்கும் ஒரு தடவை கேக்கணும்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், அப்படியானால் கேட்டே தீர வேண்டும் என்பது உறைத்தது.

காலர் தைக்கும் வரிசையில் ஓர் அக்கா உண்டு. இரண்டாவது பிள்ளையைக் காப்பகத்தில் விட்டிருக்கிறவள். மேஸ்திரியே அவள் வாய்க்குப் பயந்து சுற்றிப் போவார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கத்தரி அவளிடம் போய் நின்றான்.

"ஏன் தம்பி, நாங்க துணிய விலக்கிக்கிட்டு உக்காந்திருக்கிற எடத்துல நீ மீசையோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுக்கா" என்றான். அது நியாயம் என்றே அவனுக்குப் பட்டது. "நடுவுல ஒரு திரை போட்டா?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அளவு எடுத்தியா?"

எடுத்திருந்தான். தாய்மார் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னல் வழியே கண்ணாலேயே எடுத்த அளவு. கழித்துப் போட்ட துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி அவன் வெட்ட, அக்கா ஓரம் அடித்தாள். மற்ற தாய்மாரிடம் அவளே பேசினாள். திரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே மேலாளர் அம்மாவிடமும் போனாள்.

"இவனை விட்டா நாளைக்கு எல்லா ஆம்பளைங்களும் பிள்ளையத் தூக்கிட்டு வருவாங்க" என்றார் அவர்.

"உங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும் மேடம். வந்தா அவங்க பொண்டாட்டிங்க பொழைச்சுக்குவாங்க."

மேலாளர் அம்மா கடைசியில், "ஒரு வாரம் பாக்கலாம். ஏதாவது புகார் வந்துச்சோ, அவ்வளவுதான்" என்றார்.

திங்கட்கிழமை மனைவி ஒரு பக்கம் பஸ் ஏறினாள். கத்தரி மகளைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு வந்து காப்பகத்தில் விட்டான். காலை இடைவேளை மணி அடித்ததும் பால் புட்டியோடு கிளம்பினான். வெட்டும் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. "அம்மா கிளம்பிட்டாங்கடா, வழி விடுங்க!" என்று ஒருவன் கத்தினான். காது சிவக்க நடந்தானே தவிர, நிற்கவில்லை.

காப்பகத்தில் மகள் வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தாள். புட்டியைத் தட்டிவிட்டாள். கதவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். யாரைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா? தோளில் போட்டு நடந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே பாட்டையும் பாடிப் பார்த்தான். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இடைவேளை முடியப்போகிற நேரத்தில் அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடி தூங்கிப்போனாள்.

மாலையில் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளையை வாங்கி முகர்ந்துகொண்டே கேட்டாள்.

"என்னைத் தேடினாளா?"

அழுதாள் என்று சொன்னால் இவள் நாளைக்குப் போக மாட்டாள். அழவே இல்லை என்று ஒரு பொய் கத்தரியின் நாக்கு நுனி வரை வந்தது. பொய்யைச் சொல்லி அனுப்பினால் அது எத்தனை நாளைக்கு ஓடும்?

"ரொம்ப அழுதா. கதவையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் என் தோள்லயே தூங்கிட்டா."

அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எல்லாம் போயிற்று என்று அவன் நினைத்தான்.

"நானும்தான் அழுதேன்" என்றாள் அவள். "முதல் பீரியட் பூரா. பக்கத்துல இருந்த பொண்ணு கைக்குட்டை குடுத்துச்சு. அப்புறம் மோட்டாரைப் பிரிச்சு உள்ள கம்பி சுத்தியிருக்கிற வைண்டிங்கைக் காட்டினாங்க. அழறதையே மறந்துட்டேன்."

கத்தரி அவள் முகத்தைப் பார்த்தான். நகத்துக்குள் கிரீஸ் ஒட்டியிருந்த கையால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் புட்டி ரெண்டா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.