நான்காவது நீலத்தாள்

தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஆனாலும் திரையின் மூலையில் எண்பத்து நான்கு என்ற எண் இறங்கமாட்டேன் என்று நின்றது.

அது கம்ப்யூட்டருக்குள் படங்களைச் சேமித்துவைக்கும் எஸ்.எஸ்.டி.யின் சூடு. விரல் நீளமே உள்ள ஒரு பலகை, வேகத்தில் சூரப்புலி. ஒன்பது கேமராக்களில் எடுத்த மேடை நாடகத்தை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்து வெட்டி ஒட்ட அவனுக்கு அப்படிப்பட்ட ஒன்றுதான் வேண்டும். ஆனால் சூடு எண்பதைத் தாண்டினால் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துவிடும். அப்புறம் நத்தைதான்.

முன்பு அதன்மேல் சின்ன விசிறி ஒன்று இருந்தது. காதருகே கொசு பறப்பதைப்போல ஓயாமல் ரீங்கரிக்கும். அந்த அறையில்தான் பட்டாணி பகலில் தூங்குவாள். பட்டாணி அவன் மகள், இரண்டரை வயது. ஏ.சி. போட்டால் அவளுக்கு இழுப்பு வரும். விசிறி போட்டால் விழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்குவாள். சூடும் இருக்கக்கூடாது, சத்தமும் இருக்கக்கூடாது என்று தேடி, தண்ணீரில் குளிரவைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து நேற்று அவனே மாட்டினான். எஸ்.எஸ்.டி.யின் தலைமேல் ஒரு செப்புக் கட்டி, அதிலிருந்து இரண்டு குழாய்கள், ஒரு பம்ப். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் கூரையில் இருக்கும் ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். படித்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது.

மாலை ஆறு மணிக்குள் படம் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது மணி ஒன்றே முக்கால். இந்த வேகத்தில் போனால் நாளைக் காலைதான் முடியும் என்று திரை சொன்னது.

ஸ்டூடியோ முதலாளியம்மா நல்லவர். அவன் மனைவி இறந்த இந்த ஏழு மாதமும் சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்து, சம்பளத்தை நிறுத்தாமல் வைத்திருந்தார். வேறு எவராக இருந்தாலும் மூன்றாம் மாதமே கையைக் கழுவியிருப்பார்கள். இப்போது அவருக்கும் நெருக்கடி. ஒரு முழுப் படத்தை வீட்டிலிருந்தே சொன்ன நேரத்துக்கு முடித்துக் காட்டினால் இனி எப்போதும் வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் ஸ்டூடியோவுக்கு வந்துவிட வேண்டும், ஷிப்டு பார்க்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

ஷிப்டு என்றால் பட்டாணி அத்தையோடு போய்விடுவாள். அத்தை என்றால் மனைவியின் அம்மா. ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளி இருந்தார். பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அவர் வீட்டில் பார்த்துக்கொள்ள அவர் தங்கை இருந்தாள். அவனும் அத்தையும் உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவு செய்திருந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இருவரிடமும் அதற்குத் தெம்பு இல்லை.

கருவி விற்ற கடைக்காரரை மறுபடியும் போனில் பிடித்தான். பம்புக்குள் காற்று அடைத்திருக்கும், பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள் என்றார். சாய்த்தான். வயிறு இரைவது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. எண் எண்பத்து நான்கு. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜில்லென்று இருக்கிறது என்றான். அப்படியானால் கருவி நன்றாகத்தானே வேலை செய்கிறது என்றார். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழு மாதமாக எதையும் அதற்குமேல் யோசிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அப்போது அத்தை அறையின் வாசற்படியில் வந்து நின்றார். ஒரு கையில் கிண்ணம். மறு கையில் கருவியோடு வந்த படக்குறிப்புத் தாள்.

அத்தை முப்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அங்கே கத்தி வைக்கும் முன் பஞ்சு, துணி, ஊசி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். தைத்து மூடும் முன் மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்தாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. வீட்டில் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அதன் குப்பையை உடனே கொட்டமாட்டார். ஒரு கிண்ணத்தில் சேர்த்து, எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். மாமனார் உயிரோடு இருந்தவரை, "எங்க வீட்டுக் குப்பைத் தொட்டிக்கும் ஆடிட்டர் உண்டு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த நீலத்தாள் எத்தனை?" என்று கேட்டார்.

கருவியோடு ரப்பர் போன்ற இரண்டு மெத்தைப் பட்டைகள் வந்திருந்தன. ஒன்று எஸ்.எஸ்.டி.க்கு மேலே, மற்றது கீழே. சூட்டைக் கடத்துவது அவைதான். தூசி ஒட்டாமலிருக்க இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் நீலத்தாள் ஒட்டியிருக்கும். தெரியவில்லை, எடுத்ததையெல்லாம் கீழே போட்டேன் என்றான்.

"பட்டை ரெண்டு. பக்கம் நாலு. படத்துலயும் நாலுதான் காட்டியிருக்கு. என்கிட்ட மூணுதான் இருக்கு."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கூடத்தில் பட்டாணி இருமினாள். காலையிலிருந்தே இருமிக்கொண்டுதான் இருந்தாள். சளி என்று இருவரும் நினைத்திருந்தார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகிற வயது.

அத்தை பட்டாணியைத் தூக்கி மடியில் போட்டு, வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே என்று அவன் தவழ்ந்து தேடினான். இல்லை.

"எக்ஸ்ரேல பிளாஸ்டிக் தெரியாது. தொண்டைக்குள்ள குழாய் விட்டுத்தான் பாக்கணும். கிளம்புங்க" என்றார் அத்தை. குரல் உயரவில்லை.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை. மணியைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தான். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவன் நெஞ்சு வலிக்கிற அளவுக்கு அடித்துக்கொண்டது. அது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

செருப்பில் காலை நுழைத்தபோது அத்தை தடுத்தார். தியேட்டரில் கணக்கு குறைந்தால் முதலில் மேஜை, பிறகு தரை, பிறகு செய்த வேலையை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். போகிற வழியில் டாக்டருக்குச் சொல்லவாவது வேண்டும், எந்தத் தாளை எப்போது உரித்தீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார்.

அவன் சொன்னான். கீழ்ப்பட்டையின் அடிப்பக்கத்தை உரித்து ஒட்டினேன். அதன் மேல்பக்கத்தை உரித்து எஸ்.எஸ்.டி.யை வைத்தேன். மேல்பட்டையின் ஒரு பக்கத்தை உரித்துச் செப்புக் கட்டியில் ஒட்டினேன். அப்போது பட்டாணி நாற்காலியிலிருந்து விழுந்து அழுதாள். போய்த் தூக்கினேன். சமாதானம் செய்து தூங்கவைத்தேன். திரும்பி வந்து, கட்டியை மேலே வைத்துத் திருகினேன்.

அவன் நின்றுவிட்டான்.

தண்ணீர் ஏன் ஜில்லென்று இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சூடு தண்ணீருக்கு வந்தால்தானே தண்ணீர் சுடும்.

கம்ப்யூட்டரை அணைத்தான். பக்கத்துப் பலகையைக் கழற்றினான். அத்தை பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கைபேசி விளக்கைப் பிடித்தார். இரண்டு திருகாணிகள். குழாயோடு கட்டியை மெல்லத் தூக்கினான். அடியில், பட்டையோடு பட்டையாக, பளபளவென்று நான்காவது நீலத்தாள்.

அத்தை நீளமாக மூச்சுவிட்டார். பிறகு சொன்னார்:

"வயித்துக்குள்ள வச்சுத் தைச்சிட்டீங்களே மாப்பிள்ளை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. பட்டாணியும் காரணம் தெரியாமல் சிரித்தாள், நடுநடுவே இருமிக்கொண்டு. அத்தை அவள் மார்பில் தைலம் தேய்த்தார். வெறும் சளிதான்.

தாளை உரித்துக் கிண்ணத்தில் போட்டான். கட்டியைத் திரும்ப முடுக்கி ஓடவிட்டபோது மணி இரண்டு நாற்பது. எண் ஐம்பதுக்கு ஏறியது. ஐம்பத்து மூன்றில் நின்றது. அங்கேயே நின்றது. குழாயைத் தொட்டான், இளஞ்சூடாக இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் என்றது திரை. அறையில் சத்தமே இல்லை. பட்டாணி அங்கேயே தூங்கிப்போனாள்.

ஐந்தரைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. முதலாளியம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "கிடைத்தது, நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை அடுத்ததை அனுப்புகிறேன்." அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினான்.

"நல்லது" என்றார் அத்தை. பட்டாணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவளுக்கு இருப்பது நான்கு முடி. அதை ரொம்ப நேரம் வாரினார்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை தாளை எண்ணாமல் விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பேத்தி அவர் மடியில் இருந்திருப்பாள். மகளும் இல்லை, இப்போது இவளும் இல்லாத வீட்டுக்கு அவர் தனியாகத் திரும்ப வேண்டும். இந்தப் பத்து நாளும் அவர் சமைத்ததை அவன் சாப்பிட்டிருக்கிறான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நன்றி என்ற வார்த்தை அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒருநாளும் புழங்கியதில்லை. இப்போது சொன்னால் யாரோ மூன்றாம் மனிதருக்குச் சொல்வது போல இருக்கும்.

"அத்தை, இனிமே வெள்ளிக்கிழமை வேலையை அனுப்பினதும் நானும் பட்டாணியும் அங்க வந்துடறோம். ஞாயித்துக்கிழமை திரும்பறோம்."

"என்னைக்காவதா?"

"வாராவாரம்."

"அஞ்சு மணி நேரம் ரயில்ல உக்காரணும்."

"தூங்கிக்கிட்டே வந்துடுவோம்."

அத்தை சீப்பைக் கீழே வைத்தார்.

"அந்தத் தண்ணி மெஷினையும் தூக்கிட்டு வந்துடாதீங்க. எனக்கு எண்ணி மாளாது" என்றார்.

பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அடுத்த வெள்ளி அவருக்கு மதிய டியூட்டி. எட்டு மணிக்குமேல்தான் வீட்டுக்கு வருவார். தங்கை சாதம் வைத்திருப்பாள். பட்டாணிக்கு ரயிலில் குடிக்க வெந்நீர் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுச் சீப்பைப் பையில் வைத்தார்.

"அவ ரூமைப் பூட்டியே வச்சிருக்கேன். போனதும் திறந்து பெருக்கி வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அங்கயே படுத்துக்கலாம்."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். அத்தை பட்டாணியைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.