தண்ணீர் குடித்த எஞ்சின்

கஹவத்தை ரோட்டில் ஸ்ரீதரன் பாஸின் கராஜுக்கு வருகிறவர்களில் உள்ளதை உள்ளபடி சொன்ன ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. போன மழைக்கு நிஸார் தன் த்ரீவீல் ஆட்டோவை வெள்ளத்துக்குள் விட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல பாஸ், சும்மா வந்துக்கிட்டு இருந்திச்சு, நின்னுட்டு" என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். ஸ்ரீதரன் காற்று ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். சேறு கொட்டியது. அதற்கப்புறம் நிஸார் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லி முடியாது.

"தண்ணி போனது பெருசில்ல. போன பொறகு திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணியிருக்க பாரு, அதுலதான் உள்ளுக்கு எல்லாம் வளைஞ்சு போச்சு. நீயே கெடுத்துட்டு ஏங்கிட்ட வந்து கத சொல்றியா?"

அந்த ஸ்ரீதரன்தான் இப்போது பெரிய ஆஸ்பத்திரி வார்டில், தம்பி கிருஷ்ணகுமாரின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு வாய் கூசாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"வயல், சேறு, மாணிக்கக் குழி, எங்கயாவது எறங்கி வேல செஞ்சாரா?" என்று டொக்டர் நுஹா கேட்டார். சின்ன வயதுதான். கண்ணில் தூக்கமில்லாத களைப்பு.

"இல்லைங்க டொக்டர். எங்கூட கராஜ்லதான் வேல. கிரீஸத் தவிர வேறெதுலயும் கைய வைக்க மாட்டான்."

டொக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஸ்ரீதரன் சொன்னது பொய். தோட்டத்தில் றப்பர் மலைக்குக் கீழே ஓடுகிற ஓடையோரம் பொடியன்கள் சேர்ந்து களவாக மாணிக்கக் கல் தோண்டுகிறார்கள். அதில் தம்பியும் ஒருவன். குழியில் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் ஸ்ரீதரனுடையது. குழியைப் பற்றி வெளியில் மூச்சு விடுவதில்லை என்று எல்லோரும் முனியாண்டி கல்லுக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார்கள். பம்ப் கொடுத்தவனையும் விடவில்லை. அவன் கையாலும் சூடத்தை அணைக்க வைத்தார்கள். வாயைத் திறந்தால் பொலிஸ் வரும், தோட்டத்துத் தொரை லயத்து வீட்டை விட்டுக் கிளப்புவார், எல்லாவற்றுக்கும் மேலே சாமி இருக்கிறது. இந்த மூன்று பேரிடமும் அவனுக்குப் பயம். ஆனால் தம்பியின் கண் மஞ்சளைப் பார்த்தபோது வந்த பயத்துக்குப் பக்கத்தில் அந்த மூன்றும் நிற்காது. இருந்தும் டொக்டர் கேட்டதும் வாயில் பொய்தான் வந்தது.

கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை காலையிலிருந்து அப்படியே வெறுமையாகக் கிடந்தது. பெட்ரோல் வராத குழாயை ஊதிப் பார்க்கிறவன்தான் அவன். இந்தக் குழாயைத் தொடவே கை வரவில்லை.

கராஜில் எவ்வளவு வசதி! எஞ்சினை நிறுத்தி, இறக்கி, சாக்கை விரித்துப் பரப்பிப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம். ஒரு சாமான் போய்விட்டால் பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடைகளில் வேறொன்று கிடைக்கும். இங்கே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, ஓட்டத்திலேயே பிழை தேடுகிறார்கள். நின்றுவிட்டால் தேட ஒன்றுமில்லை.

நர்ஸ் வந்தாள், பையைப் பார்த்தாள், போய் டொக்டரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் மெதுவாகச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேசினால் என்ன, ஸ்ரீதரனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்துகிறது என்பது ஒரு சொல் விடாமல் விளங்கியது.

அவன் டொக்டருக்குப் பின்னால் ஓடினான். நடைபாதையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். குழி, பம்ப், சூடம், ஒன்றையும் விடவில்லை.

டொக்டருக்கு ஆச்சரியமே இல்லை. "குழியில எறங்கினது எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே கால் நகத்தப் பார்த்தேன், சேறு. இந்தப் பக்கத்துல காய்ச்சல்னு வந்தா நாங்க மொதல்ல நெனைக்கிறது எலி மூத்திரம் கலந்த தண்ணியில வர்ற எலிக்காய்ச்சல்தான். மருந்து அன்னைக்கே தொடங்கியாச்சு."

இவரும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஸ்ரீதரனுக்கு ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது.

"ஆனா எனக்கு விளங்காதது வேறொண்ணு" என்றார் டொக்டர். "இவ்வளவு வேகமா கிட்னி எறங்கக் கூடாது. வீட்டுல வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா? காய்ச்சலுக்கு, வலிக்கு?"

ஸ்ரீதரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

கெண்டைக்கால் வலி தாங்காமல் தம்பி புரண்டபோது, டவுனுக்குப் போய் "இருக்கிறதுலயே ஸ்ட்ரோங்கானது குடுங்க" என்று கேட்டு மாத்திரை வாங்கி வந்தது அவன்தான். போட்டதும் தம்பி எழும்பி நின்றான். சிரித்தான். மறுபடியும் குழிக்கு இறங்கினான். இரவில் காய்ச்சலோடு வந்து விழுந்தான். காலையில் ஸ்ரீதரன் இன்னொன்று கொடுத்தான். தம்பி மறுபடி எழும்பினான். கெட்டிக்கார வைத்தியன் என்று அண்ணனுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை.

சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை இன்னும் இருந்தது. எடுத்து டொக்டரின் கையில் வைத்தான்.

"நாந்தான் டொக்டர் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணினது."

டொக்டருக்கு அது விளங்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் பாதிக்கு மேல் காலி. "இதையா? இந்தக் காய்ச்சலோட?" என்றார். திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பொழைச்சிருவானா டொக்டர்?"

"இரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு இப்பவே அனுப்புறேன். அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது" என்று சொல்லிக்கொண்டே டொக்டர் வேகமாக நடந்தார்.

வார்டுக்குத் திரும்பியபோது கிருஷ்ணகுமார் கண் விழித்திருந்தான். உதடு வெடித்துப்போயிருந்தது.

"அண்ணே, அந்த மாத்திர இருந்தா ஒண்ணு குடுண்ணே. இவங்க குடுக்கிறது ஒண்ணும் கேக்கல. ஒன்னோடதுதான் ஒடனே கேக்கும்."

ஸ்ரீதரன் அவன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டொக்டர்கிட்ட குடுத்துட்டேண்டா."

"ஏன் குடுத்த?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். குழியையும் சொல்லிட்டேன்."

தம்பியின் மஞ்சள் கண் பெரிதாக விரிந்தது. அவன் இவ்வளவு நேரமும் வலிக்குத்தான் பயந்தான். இப்போது வேறு எதற்கோ பயந்தான். "சூடம் அணைச்சோமேண்ணே. முனியாண்டி சும்மா விடுவாரா?"

"என்னையப் புடிச்சுக்கிறட்டும்டா" என்றான் ஸ்ரீதரன். "ஒன்னய விட்டுட்டு என்னையப் புடிச்சுக்கிறட்டும்."

தள்ளுகட்டில் வந்தது. இரண்டு பேர் தம்பியைத் தூக்கி அதில் போட்டார்கள். யாரும் கேட்காமலே ஸ்ரீதரன் அந்தச் சிறுநீர்ப் பையைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே ஓடினான். அதில் கனமே இல்லை.