வளைந்த வெள்ளிக் கை

மூன்று வருஷமாக நாச்சிமுத்துவைச் சடுகுடுக் களத்தில் ஒருவரும் பிடித்ததில்லை. அப்படியென்ன சூரப்புலியா என்று கேட்காதீர்கள். சூரப்புலியாக இருந்த காலம் ஒன்று உண்டு, அது கை முறிவதற்கு முன்னால்.

ஐம்பத்தேழாம் வருஷம் மேல்மலையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மட்டக்குதிரை வழுக்குப்பாறையில் சறுக்கி, மூட்டையோடு அவன் வலது கைமேல் விழுந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில் எலும்பு கூடத்தான் செய்தது, ஆனால் கோணலாகக் கூடியது. முழங்கை நீளமாட்டேன் என்றது. தோளுக்கு மேலே கை எழும்பவில்லை. விரல்கள் பிடிக்கும், இறுக்கிப் பிடிக்காது.

மனுஷன் சும்மா இருக்கிற ரகமில்லை. இடது கையால் களைக்கொத்துப் பிடிக்கப் பழகினான். பூண்டுக் கட்டை முழங்காலால் அமுக்கி, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான். அடுத்த மாசியிலேயே களத்திலும் இறங்கிவிட்டான். இடப்பக்கம் சாய்ந்து பாடிப் போவது, கையை நம்பாமல் காலை வீசித் தொடுவது என்று ஆட்டத்தையே புதிதாகப் படித்தான். வியர்வை சிந்திப் படித்த வித்தை அது.

ஆனால் வினை வேறு ரூபத்தில் வந்தது. "கை நேராகட்டும், வெள்ளியில கை வாங்கி உன் உண்டியல்ல போடுறேன், பழனியாண்டவா" என்று அவன் பெண்டாட்டி வடிவு வேண்டிக்கொண்டு, அந்த முழங்கையில் மஞ்சள் துணி கட்டிவிட்டாள். வேண்டுதல் தீரும்வரை அவிழ்க்கக் கூடாது. சாமிக்கு நேர்ந்த கையை எவன் முரட்டுப்பிடி பிடிப்பான்? காலைப் பிடித்துச் சாய்க்கலாமே என்றால், விழுந்து அந்தக் கையில் அடிபட்டால் பாவம் யார் தலையில் விடியும்? அவன் பாடி வருவான், தொடுவான். பிடிக்க வந்தவன் மஞ்சளைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொள்வான். பாவம் நாச்சிமுத்து, எல்லாம் தன் காலின் சாமர்த்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

போன மாசித் திருவிழாவில்தான் குட்டு உடைந்தது. ஆடலூர்க்காரர்களோடு ஆட்டம். பாடிப் போனவன் கால் இடறி எதிராளிகள் நடுவில் குப்புற விழுந்தான். மூச்சு முடியப்போகிறது. சுற்றி நாலு பேர். ஒருத்தனும் கை வைக்கவில்லை! ஆடலூரின் பிடிகாரன் செல்லப்பாண்டி, காப்பி மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறவன், ஓரமாய் நகர்ந்து வழிவிட்டு, "பாத்து எந்திரிங்கண்ணே" என்றான். நாச்சிமுத்து எழுந்து கோட்டுக்கு வந்து சேர்ந்தான். ஊரே விசிலடித்தது. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த வருஷம் தை பிறந்ததும் அணித் தலைவன் சேனாதிபதி வந்தான். "ஏலே நாச்சி, நம்ம ஜெயிப்பே உன் துணியிலதான் கெடக்கு. மாசி முடியிற வரைக்கும் அவுத்துகிவுத்துத் தொலைச்சிராத."

துணியில்! காலும் இல்லை, மூச்சும் இல்லை, துணி!

அன்றைக்கே வடிவிடம் சொன்னான். "பூசத்துக்குப் பழனி போவோம். வேண்டுதல முடிச்சிருவோம்."

"கை நேராகலியே! நேராகாமக் கொண்டுபோய்ப் போட்டா சாமிய ஏமாத்துறதா ஆயிராதா?"

"சாமிய எங்க புள்ள ஏமாத்துறோம்? நாம ரெண்டு பேருந்தான் ஏமாந்துக்கிட்டு இருக்கோம்."

தினமும் வெள்ளனே எழுந்து அந்தக் கைக்கு எண்ணெய் தேய்க்கிறவள் அவள். தேய்த்து, முழங்கையை மெல்ல நீட்டிப் பார்த்து, "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு நெல்லு தேவலைங்க" என்பாள். அவனும் ஆமாம் என்பான். அப்படி ஏறிய நெல்லையெல்லாம் சேர்த்தால் கை எப்போதோ நேராகி முதுகுப்பக்கம் போயிருக்கும். வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை, அவனுக்கும் அழுகை வந்தது. கடைசியில் அவளே எழுந்து பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டினாள்.

பழனி அடிவாரத்தில் பொன்னுவேலின் கடையில் வெள்ளித் தகட்டில் அடித்த காலும் கண்ணும் கையுமாகத் தட்டு நிறையக் கிடந்தன.

"கை சொகமாயிருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கையை எடுத்து நீட்டினார் பொன்னுவேல்.

"இல்லைங்க. இருக்கிறபடியே போதும்னு செலுத்த வந்திருக்கேன்." நாச்சிமுத்து தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விறைத்து நேராக நின்றது. "இது என் கையாட்டம் இல்லீங்களே. கொஞ்சம் வளைச்சுக் குடுப்பீகளா?"

பொன்னுவேல் அவன் கையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். கட்டைவிரலை வைத்து முழங்கைப் பக்கம் மெதுவாக வளைத்தார். "இன்னுங் கொஞ்சம்" என்றாள் வடிவு. அவளுக்குத்தான் அளவு தெரியும். மலையேறி உண்டியலில் போட்டார்கள். மஞ்சள் துணியை அவளே அவிழ்த்தாள்.

மாசித் திருவிழா வந்தது. நாச்சிமுத்து கோட்டைத் தாண்டி, "சடுகுடு சடுகுடு" என்று பாடிப் போனான். துணி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. செல்லப்பாண்டி அதைப் பார்த்துத் திகைத்தான், கை நீண்டு பாதியில் நின்றது. பிடிடா என்று வாயைத் திறந்து சொல்லலாமென்றால் பாட்டு அறுந்துவிடும். நாச்சிமுத்து என்ன செய்தான் தெரியுமா? கோணல் முழங்கையை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டி ஆட்டினான்.

செல்லப்பாண்டி பிடித்தான். பிடியா அது, உடும்புப்பிடி! தோளிலிருந்து உச்சந்தலைவரை மின்னல் வெட்டியது. நாச்சிமுத்து திமிறினான், உதைத்தான், மண்ணில் புரண்டான். "சடு... சடு..." பாட்டு அறுந்தது. அவுட்.

"அடப்பாவி, அந்தக் கையவா பிடிச்ச!" என்று யாரோ கத்தினார்கள். செல்லப்பாண்டி சட்டென்று கையை விட்டான்.

வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு நாச்சிமுத்து எழுந்தான். "சுத்தமான பிடி" என்று ஊருக்கே கேட்கச் சொன்னான். போய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். மூன்று வருஷத்தில் அங்கே உட்காருவது அதுதான் முதல் தடவை.

பிறகு, தன் அணி ஆள் ஒருவன் எதிராளியைத் தொட்டதில் உயிர் கிடைத்து இறங்கி, காலை வீசி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்கப் பாய்ந்த இரண்டு பேரையும் உதறிக்கொண்டு வந்தான். அது அவன் கால் சம்பாதித்தது. இருந்தாலும் அவனுடைய மேல்மலை அணி ஒரு ஆளில் தோற்றது. "ஒரு முழத் துணிக்காகத் தோத்தோம்லே!" என்று சேனாதிபதி தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும்.

செல்லப்பாண்டி தயங்கித் தயங்கி வந்தான். "ரொம்ப வலிக்குதாண்ணே?"

"உசுரு போகுதுலே."

"அடுத்த வருசமும் வருவீகளா?"

"வராம?"

"வந்தா அதே கையத்தான் பிடிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

நாச்சிமுத்து இடது கையால் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "பிடிச்சுப் பாருலே" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தாள். வீங்கியிருந்த முழங்கையில் பதமாகத் தேய்த்துவிட்டாள். நீட்டிப் பார்க்கவில்லை.