நீல மூடி கர்வாலோ

மெஷின் காட்டிய எண்ணை அவள் முதலில் நம்பவில்லை. நீல மூடி போட்ட ட்யூபை மறுபடி உள்ளே வைத்து ஓட்டினாள். மறுபடியும் அதே ஒன்பது புள்ளி இரண்டு.

இதயத்தில் வால்வு மாற்றியவர்கள் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்கு இந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒன்பது என்றால் ரத்தம் உறைவதையே மறந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் போதும், கதை முடிந்தது. விழாமலே முடிந்த கதைகளும் உண்டு.

அவள் லேபுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மெஷினோடு பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவாள், மனிதர்களோடு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு மூத்த டெக்னீஷியன் முன்னால் போய் நின்றாள்.

"யாரோடது?" என்றார் அவர்.

"கர்வாலோ சார்."

"எந்தக் கர்வாலோ?"

"அவ்வளவுதான் சார் போட்டிருக்கு."

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்படின்னா பாதி ஊரு."

ஸ்லிப்பில் இருந்தது இவ்வளவுதான்: கர்வாலோ, பெண், வயது 61. முகவரி, கர்வாலோ தெரு. அனுப்பியவர், டாக்டர் கர்வாலோ. கீழே ஒரு போன் நம்பர். அதற்கு அடித்தாள், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மூத்தவர் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரத்தம் எடுக்கப் போனவன் நம்பரும்மா" என்றார். "நம்பர் இல்லாட்டி கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக விடாது. அதனால தன்னோடத போட்டிருக்கான். மத்தியானமே மச்சினன் கல்யாணத்துக்கு பஸ் ஏறிட்டான்."

வழக்கமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர் வேறொருவர். அவர் கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்தார். அவராக இருந்தால் பேருக்குப் பக்கத்தில் 'குடைக்கடை' என்றோ 'மாடி வீடு' என்றோ ஒரு வார்த்தை எழுதியிருப்பார். அந்தத் தெருவில் அந்த ஒரு வார்த்தைதான் பேர். கர்வாலோ என்பது வெறும் காற்று.

அடுத்து டாக்டர். டெலிபோன் புத்தகத்தில் டாக்டர் கர்வாலோக்கள் மூன்று பேர். முதலாமவர் பல் டாக்டர். "பல்லுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு. எனக்கும் அந்த அம்மாவுக்கும் இல்ல" என்று வைத்துவிட்டார். இரண்டாவது எண்ணில் எடுத்தவர், தான் டாக்டர்தான், ஆனால் வரலாற்றில் டாக்டர் என்றார். ஏன் கூப்பிட்டாள் என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்தார். மூன்றாவதில் ஆள் சரியாகக் கிடைத்தார்.

"ஒன்பதா? என் பேஷண்ட் எல்லாரையும் அந்த மாத்திரைய ஆறு மணிக்குத்தான் போடச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு அது உள்ள போகக் கூடாது. ஆளைக் கண்டுபிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் சொல்லி வைக்கறேன்."

அவருடைய நர்ஸ் பட்டியலைப் பார்த்து, அந்த மாத்திரை சாப்பிடும் கர்வாலோ பெண்கள் மூன்று பேர் என்றாள். நம்பர்களை வாங்கி லேப் பெண்ணே மூன்று பேருக்கும் அடித்துப் பார்த்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

"நீ போயிட்டு வந்துடு. மெஷினை நான் பாத்துக்கறேன்" என்றார் மூத்தவர்.

அவள் மூத்தவரைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். மணி மூன்றரை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் கர்வாலோவுக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.

"பாலமா, பள்ளிக்கூடமா, தெருவா?" என்றார் கண்டக்டர்.

"தெரு."

"பெரிய தெருவா, குறுக்குத் தெருவா?"

"எது பக்கம்?"

"எதுக்குப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, பாவம் பார்த்து, தானாகவே ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

இறங்கிய இடத்தில் ஒரு இரும்புக்கடை, கர்வாலோ சகோதரர்கள். அதை அடுத்து அசல் கர்வாலோ பேக்கரி. எதிர்ச்சாரியில் ஆதி கர்வாலோ பேக்கரி. இரண்டு பேக்கரிக்காரர்களும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதை ஒரு வேலையாகவே செய்துகொண்டிருந்தார்கள். கதவுகளில் எல்லாம் பித்தளைப் பலகை, பலகைகளில் எல்லாம் ஒரே பேர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு.

குடைக்கடையில் விசாரித்தாள். குடைக்காரர் கம்பியை வளைத்தபடியே, "என்னைக் கேட்டா நானும் கர்வாலோதான்னு சொல்லுவேன், உனக்கு என்ன லாபம்? அந்தா, தபாலம்மாவக் கேளு" என்றார்.

சரி பண்ணிய குடையை வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். உயரமான உருவம், முழுக்கை ரவிக்கை, கழுத்தில் சங்கிலியில் கோத்த கண்ணாடி. முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து, வீடு வீடாகப் போட்டவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் தபாலம்மாதான்.

"குடு அந்தச் சீட்டை." கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "யாரு எழுதினது? இப்படி ஒரு கடிதம் என் கைக்கு வந்திருந்தா எழுதினவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். திக்கித் திணறித்தான் சொன்னாள். ஆறு மணி என்றதும் தபாலம்மா குடையைக் கையில் இடுக்கிக்கொண்டார். "மூணு பேருன்னுதானே நர்ஸு சொன்னா? மூணு வீடும் எனக்குத் தெரியும். வா."

"இவங்க எல்லாரும் சொந்தக்காரங்களாம்மா?" நடந்துகொண்டே கேட்டாள்.

"சொந்தமா இருந்தா சண்டையாவது போட்டிருப்பாங்க. ஒரு காலத்துல எவனோ ஒருத்தன் கப்பல்ல வந்தானாம். கேட்டவனுக்கு எல்லாம் பேரைக் குடுத்துட்டுப் போனானாம். வேற குடுக்க ஒண்ணும் இல்ல போல."

முதல் வீடு பியானோ டீச்சர். உள்ளே ஒரு குழந்தை ஒரே வரியை ஏழாவது தடவையாகத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது அதனால்தான் கேட்கவில்லை. "அந்த மாத்திரைய நிறுத்தியே ரெண்டு மாசம் ஆச்சு" என்றார் டீச்சர். "ரத்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தபாலம்மா, உட்காருங்க, இதை நான் தனியா கேக்க வேண்டாம்."

இரண்டாவது, மாடி வீட்டம்மா. நாற்பத்திரண்டு படி. தபாலம்மா நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மாடி வீட்டம்மா மாத்திரை சாப்பிடுகிறவர்தான், வயதும் அறுபத்தொன்றுதான். ஆனால் ரத்தம் கொடுத்தது போன வியாழக்கிழமை. ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார், இரண்டு புள்ளி நான்கு.

"இன்னைக்குக் காலைல யாரும் வரலையா? நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா."

"என் வீட்டுக்கு யாரும்மா வரப் போறா, இத்தனை படி ஏறி? வந்தா மறப்பேனா?"

மூன்றாவது வீடு இரும்புக்கடைக்குப் பின்னால். கதவைத் திறந்த மருமகள், "அத்தையா? மக வீட்டுக்குப் போய் பத்து நாளாச்சு" என்றாள். "நிம்மதியா இருக்கோம். அவங்களும்தான்" என்று முடித்தாள்.

கணக்குப்படி மூன்று பேர்தான். மூன்று பேரும் இல்லை. அவள் வாசல் படியில் நின்று லேபுக்குப் போன் செய்தாள்.

"யாருமே ரத்தம் குடுக்கல சார்."

"ரத்தம் இங்க ட்யூப்ல இருக்கேம்மா" என்றார் மூத்தவர். "யாரோ குடுத்திருக்காங்க."

போனை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். எத்தனை கதவுகள். ஒவ்வொன்றாகத் தட்டினால்கூட ஐந்தே காலுக்குமேல் எத்தனை தட்ட முடியும்? ஸ்லிப்பில் வயதே தப்பாக இருந்தால்? தெருவே வேறாக இருந்தால்? பாலம் பக்கம் ஒரு கர்வாலோ தெரு இல்லை என்று யார் சொன்னார்கள்? யோசிக்க யோசிக்க நூல் இன்னும் சிக்கலானது. எங்கோ ஒரு வீட்டில் ஒரு அம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து வைப்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பொண்ணே, எனக்கும் நேரமாச்சு" என்றார் தபாலம்மா. "நான் கெளம்பறேன். ஆறு மணிக்கு மாத்திரை போடணும், தவறினா எங்க வீட்டுக்காரர் கத்துவார்."

அவள் திரும்பினாள். "என்ன மாத்திரைம்மா?"

"எல்லாம் நீ சொல்ற இந்தப் பாழாப்போன மாத்திரைதான். நாலு வருஷமா சாப்பிடறேன்."

"ரத்தம் எப்பக் குடுத்தீங்க?"

"இன்னைக்குக் காலைலதான். புது ஆளு ஒருத்தர் வந்தாரு."

அவள் ஸ்லிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "அம்மா, உங்க பேரு..." என்றாள்.

"அதான் இல்லையே. நான் கர்வாலோ இல்ல."

"வீட்டுக்காரர்?"

"அவர் கர்வாலோ. அதுக்கு நான் என்ன பண்ண?" தபாலம்மா குரலை உயர்த்தவில்லை, பல காலம் சொன்ன பதிலைச் சொல்வது போலத்தான் சொன்னார். "கல்யாணத்தப்பவே மாமியார்கிட்ட சொல்லிட்டேன். ஏற்கனவே இந்தத் தெருவுல எண்பது கர்வாலோ. இன்னும் ஒருத்தி சேர்ந்தா அந்தக் கடிதத்தையும் பிரிக்கறது யாரு? நான்தானே? எங்கப்பா பேரே போதும்னுட்டேன். டாக்டர்கிட்ட, பேங்க்ல, எல்லா இடத்திலயும் அதுதான்."

நர்ஸின் பட்டியலில் அவர் இல்லாத காரணம் இப்போதுதான் புரிந்தது. "அந்தப் புது ஆளு உங்ககிட்ட பேரைக் கேட்டாரா?"

"கேக்கல. வந்தாரு, கதவுப் பலகையப் பாத்து எழுதினாரு, குத்தினாரு, போயிட்டாரு. வயசை மட்டும் கேட்டாரு, அறுபத்தொண்ணுன்னேன்."

"அப்ப அது நீங்கதாம்மா."

"நான் எப்படி ஆவேன்? சீட்டுல என் பேர் இல்லையே. முப்பத்தாறு வருஷத்துல ஒரு கடிதம் மாத்திப் போட்டதில்ல நான். பேர் ஒண்ணு, ஆள் வேறன்னா அதை வாங்கக் கூடாது. திருப்பி அனுப்பணும். அதான் முறை."

"கையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

தபாலம்மா யோசித்தார். பிறகு வலது ரவிக்கைக் கையை மெல்ல மேலே தள்ளினார். காலையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு நனைந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றி முழங்கையிலிருந்து பாதிக் கைவரை கத்திரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. அவரும் அதை அப்போதுதான் பார்த்தார்.

"எங்கயாவது இடிச்சிருப்பேன்."

"அம்மா, நீங்க யாரா வேணாலும் இருங்க." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "அந்த மாத்திரைய மட்டும் இன்னைக்குப் போடாதீங்க. என்கூட வாங்க. நான் சொல்றது தப்புன்னா, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுக்கறேன்."

தபாலம்மா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், யாராவது வந்து இது வேறு ஆளுக்கு என்று சொல்ல மாட்டார்களா என்பது போல. பிறகு ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வாடகைக் காரில் ஏறியதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஆஸ்பத்திரிக்கு வாங்க, கர்வாலோ ஆஸ்பத்திரி" என்றார். அவ்வளவோடு போனை மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"பலகையப் பாத்துத்தான் நானும் கடிதம் போட்டிருக்கேன், சில நேரம். அவசரத்துல. அதெல்லாம் சரியாப் போயிருக்குமா?"

அவள் டிரைவரை இன்னும் சீக்கிரம் போகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி வைத்திருந்ததால் காக்க வைக்கவில்லை. புதிதாக ரத்தம் எடுத்தார்கள். ட்யூபில் ஒட்டும் சீட்டைத் தபாலம்மா தானே கேட்டு வாங்கி எழுதினார். பேர், அப்பா பேர், கதவு எண், மாடி இல்லை, எதிரில் குடைக்கடை. இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுதினார். அரை மணியில் முடிவு வந்தது, ஒன்பது புள்ளி நான்கு. உடனே அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் மருந்து கொடுத்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள், உள்ளே கசிவு இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர்.

மணி ஏழாகியும் வீட்டுக்காரரைக் காணவில்லை. பக்கத்தில்தானே வீடு, இன்னுமா வரவில்லை என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஏழே காலுக்கு மெலிந்த ஒருவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி, வாசலில் வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"நீதானா?" என்றார்.

"பின்ன யாரு?" என்றார் தபாலம்மா. "எங்க போயிருந்தீங்க?"

"இன்னொரு கர்வாலோ ஆஸ்பத்திரிக்கு. பாலத்துக்கிட்ட. போய், மிசஸ் கர்வாலோ எங்கன்னு கேட்டேன். மூணாவது மாடின்னாங்க. போய் உட்கார்ந்துட்டேன்."

"யாருகிட்ட?"

"தெரியல. போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாங்க. நீ தூங்கறேன்னு நெனச்சு எழுப்பல. கையைப் பிடிச்சிக்கிட்டு பத்து நிமிஷம் பேசிட்டும் இருந்தேன். அப்புறம் நர்ஸு வந்து போர்வைய விலக்கினப்பதான் தெரிஞ்சுது."

"என்ன பேசினீங்க?"

அவர் லேப் பெண்ணைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது எதுக்கு இப்ப."

"அந்த அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"கையை எடுக்கல. அதான் நீன்னு நெனச்சேன்."

தபாலம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நீலம் பாரித்த கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"சொல்லுங்க" என்றார். "அங்க சொன்னத எல்லாம் இங்க சொல்லுங்க. ஆள் மாறிப் போனத திருப்பிக் கொண்டு வந்து சேர்க்கணும்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார். லேப் பெண் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.