கூரைமேல் டோரீன்

லைல் கோபிளுக்கும் அவன் மனைவி டோரீனுக்கும் வியாழக்கிழமை முதல் பேச்சு இல்லை. வேறு வீடாயிருந்தால் அது அவர்களோடு போயிருக்கும். லைல் கார்ப் பந்தய ஓட்டுநர். பந்தயத்தன்று மைதானக் கூரைமேல் நின்று, பக்கத்தில் எவன் வருகிறான் என்று ரேடியோவில் அவனுக்குச் சொல்கிறவள் டோரீன். தலைக்கவசம் மாட்டி, இருக்கையோடு வார்போட்டுக் கட்டியவனுக்கு முன்னால் மட்டும்தான் தெரியும். இருபக்கத்துக்கும் கண் அவள்தான்.

சண்டை டிவியால் வந்தது. இந்த ஆண்டோடு நிறுத்திவிடுவதாக லைல் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வயது நாற்பத்தாறு. இருபது வருடத்தில் மூன்று வெற்றி. ஒரே தோள்பட்டை இரண்டு முறை உடைந்தாயிற்று. டிவியில் பேட்டியெடுத்தவன் ஓய்வு எப்போது என்று கேட்டதும், "இந்த சீட்டுலேர்ந்து என்னைப் பிச்சுத்தான் எடுக்கணும்" என்று சிரித்துவிட்டான். டோரீன் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

அணி முதலாளி ப்ரூவிட் காலையில் சொல்லிவிட்டார். "இன்னைக்குப் பத்து பேருக்குள்ள வா. அடுத்த வருஷமும் சீட்டு உனக்கு. இல்லன்னா அந்தச் சின்னப் பையன் கோல்பிக்கு."

பந்தயம் தொடங்கியது.

"உள்பக்கம் கார் இருக்குங்க, மிஸ்டர் கோபிள்."

"மிஸ்டரெல்லாம் எதுக்கு?"

"டிவில வர்ற பெரிய மனுஷர். மரியாதை வேண்டாமா? உள்பக்கம் காலி."

யாரோ சுவரில் மோதினார்கள். மஞ்சள் கொடி. எல்லாரும் மெதுவாக உருண்டார்கள்.

"எனக்கு வாக்குக் குடுத்தப்ப தூங்கிட்டிருந்தீங்களா?"

"பல்லு விளக்கிட்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அதெல்லாம் கணக்குல வராது."

மைதானமே கைதட்டியது. லைல் தனக்கென்று நினைத்துக் கையசைத்தான். ஓட்டுநரின் ரேடியோப் பேச்சைக் கேட்கும் ஹெட்போன் ரசிகர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது என்பது அவன் நினைவில் இல்லை.

கடைசிச் சுற்று. லைல் பத்தாவது. கடைசி வளைவு.

"வெளிப்பக்கம் கார்."

அவனுக்கு இடம் விட்டு உள்பக்கமாகவே ஓட்டினால் வேகம் குறையும். பதினோராவது இடம். வீடு. சோபா.

"பொய் சொல்ற."

"வெளிப்பக்கம் கார்! ஒட்டிட்டான்!"

"என்னை வீட்டுல உக்கார வைக்கப் பாக்குற!"

ஸ்டியரிங்கை வெளிப்பக்கம் திருப்பினான். கார் இருந்தது. பிறகு சுவர் இருந்தது. பிறகு வானமும் புல்லும் மாறி மாறி வந்தன.

"லைல்! பேசுடா லைல்! கை கால் அசையுதா?"

"அசையுது." கொஞ்சம் யோசித்தான். "கார் இருந்துச்சு."

"அதைத்தானடா கத்துறேன், தடிமாடே!"

ஹெட்போன் மாட்டிய ஸ்டாண்டு முழுக்க எழுந்து நின்றது.

மருத்துவ அறைக்கு ப்ரூவிட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"நம்ம காருக்குப் பணம் போடுற மெத்தைக் கம்பெனிக்காரர் போன் பண்ணினாரு. அடுத்த வருஷமும் நம்ம கார்ல அவர் பேருதானாம்."

லைல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும் சார்."

"டோரீனுக்காக. பாதி ஜனம் ரேஸைப் பாக்கலியாம், அவ பேச்சைத்தான் கேட்டுச்சாம். கூரையில அவ இருக்கணும். ஓட்டுறது யாரா இருந்தாலும் சரியாம்."

டோரீன் புருஷனைப் பார்த்தாள். "தோள்பட்டை வலிக்குதா?"

"அங்க இல்ல."

அடுத்த வருடம் பிப்ரவரியில் முதல் பந்தயம். லைல் ஓட்டிய பதினேழாம் எண் காரில் கோல்பி. லைல் ஸ்டாண்டில் மூன்றாவது வரிசையில், கையில் ஹாட்டாக், காதில் வாடகை ஹெட்போன்.

"வெளிப்பக்கம் கார், கண்ணு."

"நிஜமாவா மேடம்? எனக்குத் தெரியலியே."

"நம்பாத ஆளு ஒருத்தரு மூணாவது வரிசையில ஹாட்டாக் தின்னுட்டிருக்காரு. அவரைக் கேளு."

வரிசை முழுக்க ஹெட்போன் மாட்டிய தலைகள் திரும்பின. லைல் வாயிலிருந்ததை விழுங்கினான்.

"இருக்கும்டா!" என்று கத்தினான். "அவ சொன்னா கார் இருக்கும்!"

கோல்பிக்கு அது எட்டவில்லை. வாடகை ஹெட்போனில் கேட்கத்தான் முடியும்.