வேர்க்குதா?

இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்கிற ஸ்டீபனுக்கு நலம் விசாரிக்க வேறு வார்த்தையே தெரியாது. உலைக்கு முன்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அதைத்தான்: "வேர்க்குதா?" வேர்த்தால் ஆள் நலம். வேர்வை நின்றுபோனால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டுக்கு வந்தும் அதே கேள்வி. தங்கை பிரின்சி எதையும் காதில் வாங்க மாட்டாள். "ஆமா, தொட்டி தொட்டியா ஊத்துது, போவியா!" என்பாள்.

அடுத்த வாரம் அவளுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டம். எழுத்துத் தேர்வில் தேறியாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. காலையில் கம்பெனி ஷிப்டு, சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். மத்தியானம்தான் மிச்சம். நாய்கூட வெளியே தலைகாட்டாத சித்திரை வெயிலில், கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் இவள் மட்டும் ஓடினாள். பைத்தியம் இல்லாமல் வேறென்ன!

அன்றைக்கு முதலில் பனியன் நனைந்தது. பிறகு தலை கனத்தது, குமட்டியது. அப்புறம் எல்லாமே லேசாகிவிட்டது. நெற்றி காய்ந்திருந்தது, உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, வெயில் பழகிவிட்டதே என்று பூரித்தாள். ரோட்டின் கோடியில் தண்ணீர் பளபளத்தது. பழவேற்காடு ஏரி இவ்வளவு கிட்டே வந்துவிட்டதா? லாரிகள் தோணிகளாக மெல்ல மிதந்தன. பூநாரைகள் இறங்கின. கால் தரையில் படுவதே தெரியவில்லை.

இடுப்பில் போன் அதிர்ந்தது. டீ நேரத்தில் கூப்பிடுவது அண்ணன்தான்.

"எங்க கீற பிரின்சி? வேர்க்குதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இல்லண்ணா, சுத்தமா நின்னுட்ச்சி. ஜில்லுனு கீது. ஏரியாண்ட வந்துட்டேன்."

"ஐயோ, அங்க ஏதுடி ஏரி! ஓடாத! நிழல்ல உக்காரு! யார் கீறாங்களோ அவங்களாண்ட போனக் குடு!"

இன்னும் கொஞ்ச தூரம்தான், ஏரியில் இறங்கிவிடலாம். ஆனால் போனில் அண்ணன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. அதற்காகத்தான் நின்றாள். நின்றதும் கால்கள் மடங்கி, ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் நிழலில் விழுந்தாள். டிரைவர் ஓடிவந்து போனை எடுத்தார். ஸ்டீபன் சொல்லச் சொல்ல, கேனில் இருந்த தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றித் துண்டால் விசிறினார். ஏரி வற்றி, தார் ரோடு திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரின்சி பொங்கிப் பொங்கி அழுதாள். உலைச் சட்டையோடு பக்கத்தில் நின்ற ஸ்டீபன் எதையோ கேட்க வாயைத் திறந்தான். பயந்து மூடிக்கொண்டான்.

அவள் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"வேர்க்குதுண்ணா," என்றாள்.