பலகையில் பத்துப் பேர்

உதயதாரகை பொக்சிங் கிளப்புக்கு நாற்பது வருஷம் நிறைந்தபோது, அங்கே விளையாடியவர்களில் சிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்திப் பலகையில் எழுதி, ஹட்டன் மண்டபத்தில் மாட்டுவதென்று முடிவானது. தெரிவுக் குழுவில் மூன்று பேர். தலைவர் றோலண்ட் மாஸ்டர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். இரண்டாமவர் இருபது வருஷம் பயிற்சி கொடுத்த ஜீவராஜ். மூன்றாவது ஆள் பிரியந்தி. ஐம்பத்தொரு கிலோ பிரிவில் தேசிய வெள்ளிப் பதக்கம் எடுத்தவள். இப்போது கணக்கு டீச்சர்.

முதல் கூட்டத்திலேயே தகராறு தொடங்கியது.

"தொண்ணூறு கிலோ கணேசமூர்த்தி முன்னால நம்ம திலக்ஷன் ஒரு நிமிஷம் நிப்பானா? நாப்பத்தொம்பது கிலோ பொடியன். அவனை எப்படி மேல போடுறது?" என்றார் றோலண்ட்.

"கணேசமூர்த்தி மொத்தமே ஆறு சண்டைதான் மாஸ்டர் போட்டான்" என்றார் ஜீவராஜ். "அந்த எடைக்கு நம்ம நாட்டுல ஆளே கெடையாது. பேரைக் குடுத்த அன்னிக்கே அரையிறுதி. திலக்ஷன் ஒரு பதக்கத்துக்கு அஞ்சு பேரைத் தாண்டணும்."

பிரியந்தி ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். "பத்துப் பேரும் ஒரே எடைன்னு வச்சுக்குவோம். கனத்தைக் கழிச்சுட்டா மிச்சம் என்னா? கால் வேலை, கண்ணு, அடிக்கிற நேரம், பயமில்லாத மனசு. ஒவ்வொன்னுக்கும் பத்துப் புள்ளி."

இருவருக்கும் அது பிடித்திருந்தது. தேசியப் போட்டியில் இறங்கியவர்களை மட்டும் எடுப்போம் என்று றோலண்ட் ஒரு விதி சேர்த்தார். மூன்று மணி நேரத்தில் பட்டியல் தயாரானது. திலக்ஷன் முதல். பிரியந்தி இரண்டாவது. கணேசமூர்த்தி மூன்றாவது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி பார்த்தபோது பிரியந்திக்கு உள்ளுக்குள் உறுத்தியது. கால் வேலை, கண், நேரம், பயமின்மை என்று அவள் எழுதிய நான்கும் லோஜினியை மனதில் வைத்து எழுதியவை. லோஜினியின் பெயர் எங்கும் இல்லை. கூட்டத்தில் யாரும் அவளைப் பற்றிப் பேசவும் இல்லை.

லோஜினியும் பிரியந்தியும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து பொக்சிங் பழகியவர்கள். இருவருமே ஐம்பத்தொரு கிலோ பிரிவு. மாகாண மட்டத்தில் லோஜினி இருபத்துமூன்று சண்டையில் ஒன்றிலும் தோற்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தேசியப் போட்டி வந்தது. ஒரு பிரிவுக்கு ஒருத்திதான் போகலாம். ஜீவராஜ் லோஜினியை எடை குறைக்க வைத்து நாற்பத்தெட்டு கிலோ பிரிவுக்கு இறக்கினார். எடை பார்க்கும் நாளன்று காலையில் கொழும்பு மண்டபத்துக் கழிவறையில் அவள் மயங்கி விழுந்தாள். சிறுநீரகம் பழுதாகியிருந்தது, இனிமேல் பொக்சிங் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதே வாரத்தில் பிரியந்தி வெள்ளிப் பதக்கம் எடுத்தாள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். பிரியந்திக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினாள். லோஜினி தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் பீட்ரூட் பாத்தியில் மம்பட்டியோடு நின்றாள். கொழுந்து எடுக்கப் போகிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. பிரியந்தியைக் கண்டதும் ஆச்சரியப்பட்டவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னாடி, வழி தெரிஞ்சுதா?"

பிரியந்தி நின்றபடியே பலகை விஷயத்தைச் சொன்னாள். பிறகு மற்றதையும் சொன்னாள்.

"ஜீவராஜ் சேர் முதல்ல என்னையத்தான் நாப்பத்தெட்டுக்கு இறங்கச் சொன்னாரு. நான் அம்பதுதான் இருந்தேன், எனக்கு ரெண்டு கிலோதான் குறைக்க வேண்டியிருந்துச்சு. பயந்துட்டேன். டொக்டர் வேணாம்னு சொல்லிட்டாருன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உன்னைய இறக்கினாரு."

லோஜினி மண்ணைக் கொத்துவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"அந்த வாரம் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கெடந்துச்சு. அம்மாவுக்குக் காய்ச்சல்னு நான் ரெண்டு தடவ போயி சும்மா திரும்பி வந்தேன். நீ எந்த டொக்டரப் பாத்த?"

"அப்பவே தெரிஞ்சும் ஏன் சேர்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னைய டீம்லருந்து தூக்கியிருப்பாரு. மூணு கிலோதானே, குறைச்சுரலாம்னு நெனச்சேன். அந்த வயசுத் திமிரு." மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குக் கோவம் அதுல இல்ல. ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்திக்கிட்டுக் கெடந்தேன், நீ எட்டிப் பாக்கல. பதக்கத்தோட ஊருக்கு வந்து ஒவ்வொரு வூடாப் போயிக் காட்டின. எங்க வூட்டுக்கு மட்டும் வரல."

"உன் மூஞ்சியப் பாக்கப் பயம்."

"ரிங்குக்குள்ள அம்புட்டுப் பேரை அடிச்சவளுக்கு என்கிட்ட பயமா?"

பிரியந்தி அழுதாள். லோஜினி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, "யார் யாரைப் போட்டிருக்கீங்க, சொல்லு" என்றாள். மூன்றாவது பெயர் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "கணேசமூர்த்தியா? அவன் காலைத் தூக்கி வச்சு நான் பாத்ததே இல்ல."

அடுத்த கூட்டத்தில் பிரியந்தி ஒன்றையும் மறைக்கவில்லை. லோஜினியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றாள். றோலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பொய் சொன்னது எனக்குத் தெரியாது" என்றார் ஜீவராஜ். "ஆனா இறக்கினது நான். ரெண்டு பிரிவுலயும் பதக்கம் வரணும்னு ஆசை. வேர்த்து எடை கொறையட்டும்னு கடைசி ரெண்டு நாளும் ரெயின் கோட் போட்டு ஓட விட்டதும் நான்தான். அந்தப் புள்ள தண்ணி கேட்டா, வாயைக் கொப்பளிச்சுத் துப்புன்னு சொன்னேன். போன கூட்டத்துல அவ பேரு என் வாய் வரைக்கும் வந்துச்சு. எடுத்தா இதெல்லாம் பேசணுமேன்னு விட்டுட்டேன்."

"தேசியப் போட்டியில அவ இறங்கலியே" என்றார் றோலண்ட். "விதின்னு ஒன்னு இருக்கே."

"விதி நாம போட்டது மாஸ்டர். அவளை இறங்க விடாம செஞ்சவங்களும் நாமதான்" என்றார் ஜீவராஜ்.

றோலண்ட் அந்த விதியை நீக்கினார். மறுபடி புள்ளி போட்டார்கள். திலக்ஷன் முப்பத்தாறு. லோஜினி முப்பத்தைந்து. பிரியந்தி தன் பெயருக்கு நேரே, பயமின்மையில் இருந்த எட்டைத் தானே வெட்டி ஐந்து என்று எழுதினாள். அவள் நான்காம் இடத்துக்கு இறங்க, கணேசமூர்த்தி மூன்றாம் இடத்திலேயே நின்றான்.

பட்டியல் வெளியே தெரிந்ததும் கணேசமூர்த்தி வேலை செய்யும் கட்டார் நாட்டிலிருந்து போன் போட்டு, ஒரு தேசியப் பதக்கமும் இல்லாத பெண்ணுக்குக் கீழே தன்னைப் போட்டதற்கு றோலண்டைத் திட்டித் தீர்த்தான். விழாவுக்கு வரவும் இல்லை.

லோஜினி புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜீவராஜ் அவள் முன்னால் போய் நின்றார். அன்றைக்குத் தண்ணீர் கொடுக்காததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். லோஜினி அவரை முடிக்க விடவில்லை.

"சேர், சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் விலகி அவளுக்கு வழி விட்டார்.

பிறகு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் திலக்ஷன் கைகளைக் கட்டிக்கொண்டு தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எனக்கு மேலயா?" என்றாள். "இடது கையை எப்பவும் கீழ தொங்கப் போட்டுத்தானே நிப்ப?"

"நான் எப்போ தொங்கப் போட்டேன்?"

"நில்லு. கையைத் தூக்கு. இப்ப ஒரு அடி முன்னுக்கு வா."

அவன் வந்தான். இடது கை இறங்கியது. லோஜினியின் விரல்நுனி அவன் தாடையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பிரியந்திதான் முதலில் சிரித்தாள். இன்னொரு தடவை என்று திலக்ஷன் கேட்டான். பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புருஷன் வந்து கூப்பிடும்வரை லோஜினி அவனை விடவில்லை.